செக் மொழியா, ஹங்கேரிய மொழியா? உருபுகளை வைத்து ஒரு தேர்வு

பிராகில் ஒரு வேலையும் புடாபெஸ்டில் ஒரு படிப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கைக்கு வந்தவர்கள், சம்பளம், வாடகை, விசா நிபந்தனை என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்த பிறகு கடைசியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த இரண்டு மொழிகளில் எது நமக்கு வரும்? இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், செக் மொழியில் வேற்றுமை 7, ஹங்கேரியத்தில் 18, ஆகவே செக்கே எளிது என்பதாகும். இந்தக் கணக்கு, கடையில் 7 பொருள் வாங்கினேன், 18 பொருள் வாங்கினேன் என்று சொல்லிவிட்டு விலையைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது. ஓர் உருபைக் கற்றுக்கொள்ள எவ்வளவு உழைக்க வேண்டும், கற்றுக்கொண்ட உருபு எத்தனை சொற்களுக்குப் பயன்படும் என்பதே விலை. அந்த விலையைத் தமிழ் தெரிந்தவரின் நிலையிலிருந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோருக்குத் தேர்ச்சி வர ஏறத்தாழ 44 வாரம், அதாவது 1,100 வகுப்பு மணி நேரம் பிடிக்கும் மொழிகளின் வரிசையில் செக்கையும் ஹங்கேரியத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அதே வரிசையில் தமிழும் இருக்கிறது. அது ஆங்கிலத்திலிருந்து அளந்த தூரம். தமிழிலிருந்து புறப்படுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

தூரம் மாறும் என்றவுடன் உறவு கொண்டாடத் தொடங்கிவிடக் கூடாது. ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், ஹங்கேரியமும் ஃபின்னிஷும் அடங்கிய கூட்டத்தோடு திராவிட மொழிகளை இணைத்துப் பார்த்தார். இன்றைய மொழியியல் அந்த உறவை நிறுவப்பட்டதாக ஏற்பதில்லை. ஹங்கேரியம் யூரல் குடும்பத்தைச் சேர்ந்தது; செக் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஸ்லாவியக் கிளையைச் சேர்ந்தது. ஆகவே சொற்களைப் பொறுத்தவரை இரண்டுமே நமக்கு அந்நியம். உதவி கிடைக்குமானால் அது அமைப்பிலிருந்து மட்டுமே கிடைக்கும்.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒலிகள் அப்படியே வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வீட்டைக் குறிக்கும் ஹங்கேரியச் சொல்லை ‘ஹாஸ்’ என்று எழுதுகிறேன். அதன் கடைசி ஒலி, தேனீயின் ரீங்காரம் போல அதிரும் ஸகரம். பெண்ணைக் குறிக்கும் செக் சொல்லை ‘ஜென’ என்று எழுதுகிறேன். அதன் முதல் ஒலி, ஷகரத்தை அதிரச் சொன்னால் வருவது. ஒரு நல்ல செய்தி, இரண்டு மொழிகளிலும் குறில் நெடில் வேறுபாடு உண்டு, அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான் விழும்.

## எதை வைத்து எடை போடுவது

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு அளவுகோல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஒரு சொல்லைப் பிரித்து வைக்கும் அந்தப் பழக்கமே இந்த ஒப்பீட்டுக்குப் போதும். ‘மரத்தை’ என்பதில் அத்துச் சாரியை வருகிறது, ‘வீட்டை’ என்பதில் ஒற்று இரட்டிக்கிறது, ஆனால் ஐ உருபு இரண்டிலும் ஐ உருபாகவே நிற்கிறது. பெயர் எதுவானாலும், ஒருமையானாலும் பன்மையானாலும், கு உருபு கு உருபுதான்.

இதிலிருந்து கேள்விகள் பிறக்கின்றன. உருபைப் பகுதியிலிருந்து பிரித்தெடுக்க முடிகிறதா? ஒரே உருபு எல்லாப் பெயர்களுக்கும் பொருந்துகிறதா, அல்லது பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப உருபே மாறுகிறதா? உருபு சேரும்போது பகுதி எவ்வளவு உருமாறுகிறது? பெயருக்கு உருபு சேர்த்தால் அதன் முன்னால் நிற்கும் அடைமொழியும் மாற வேண்டுமா? வினைமுற்று எதையெல்லாம் காட்ட வேண்டும்? தவறாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் புரியுமா? கடைசியாக, இலக்கணத்துக்கு வெளியே, கற்ற மொழியை வைத்து என்ன செய்ய முடியும்? இவற்றில் முதல் இரண்டு கேள்விகளே பாதி முடிவைச் சொல்லிவிடும் என்பது என் கணிப்பு.

## செக்: ஓர் உயிரெழுத்தில் மூன்று செய்தி

ஜென (பெண்) என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருமையில் வேற்றுமை வரிசைப்படி அது ஜென, ஜெனி, ஜெஞெ, ஜெனு, ஜெனொ, ஜெஞெ, ஜெனொவ் என்று மாறும். பன்மையில் ஜெனி, ஜென், ஜெனாம், ஜெனி, ஜெனி, ஜெனாஹ், ஜெனமி. 14 இடங்களுக்கு 10 வடிவங்கள். இதில் பன்மையைக் காட்டும் ‘கள்’ எங்கே, வேற்றுமையைக் காட்டும் உருபு எங்கே என்று தேடினால் கிடைக்காது. ‘ஜெனாம்’ என்பதன் ‘ஆம்’ ஒரே மூச்சில் பெண்பால், பன்மை, கொடைப்பொருள் என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறது. நம் பகுபத உறுப்பிலக்கணத்தின் கத்தி இங்கே இறங்காது.

அடுத்த சிக்கல், இந்த விகுதிகள் பெண்பாற் பெயர்களிலும் ஒரு பிரிவுக்கு மட்டுமே பொருந்தும் என்பது. செக் பள்ளிகளில் பெயர்ச்சொற்களை 14 மாதிரிச் சொற்களின் கீழ் பிரித்துக் கற்பிக்கிறார்கள்: ஆண்பாலுக்கு 6, பெண்பாலுக்கு 4, நடுப்பாலுக்கு 4. ஒரே விகுதி வெவ்வேறு மாதிரிகளில் வெவ்வேறு வேலை பார்க்கும். ‘உ’ என்ற விகுதி பெண்பாற் சொல்லில் செயப்படுபொருளைக் காட்டுகிறது: ஜெனு என்றால் ‘பெண்ணை’. அதே ‘உ’ கோட்டையைக் குறிக்கும் ஹ்ரட் என்ற ஆண்பாற் சொல்லில் உடைமையைக் காட்டுகிறது: ஹ்ரடு என்றால் ‘கோட்டையின்’. கோட்டையும் காடும் இரண்டுமே உயிரற்ற ஆண்பாற் சொற்கள்தாம். ஆனால் காட்டைக் குறிக்கும் லெஸ், ‘காட்டின்’ என்ற பொருளில் லெஸ என்று ஆகிறது. ஏன் ஒன்று உகரத்தையும் மற்றொன்று அகரத்தையும் பெற்றது என்று கேட்டால், அகராதியைப் பார் என்பதுதான் பதில்.

அடைமொழியும் கூடவே நடக்கும். ‘பெரிய வீடு’ என்பது வெல்கீ டூம். ‘பெரிய வீட்டின்’ என்றால் வெல்கேஹொ டொமு, ‘பெரிய வீட்டுக்கு’ என்றால் வெல்கேமு டொமு, ‘பெரிய வீட்டில்’ என்றால் முன்னிடைச் சொல்லையும் சேர்த்து வெ வெல்கேம் டொம்ஞெ, கருவிப்பொருளில் வெல்கீம் டொமெம். சற்று நிதானித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் தெரியும். ‘டொமு’ என்ற வடிவம் மட்டும் இருந்தால் அது ‘வீட்டின்’ என்பதா, ‘வீட்டுக்கு’ என்பதா என்று சொல்ல முடியாது. அடைமொழியின் விகுதிதான் அதைத் தெளிவுபடுத்துகிறது. ‘பெரிய’ என்ற பெயரெச்சத்தை எந்த வேற்றுமைக்கும் தொடாமல் வைத்திருக்கும் நமக்கு இது வீண் சுமையாகத் தோன்றும். செக் பேசுகிறவருக்கு அது பொருளைத் தாங்கும் இரண்டாவது தூண்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இங்கே தனியாக ஒரு தடுமாற்றமும் உண்டு. செக் பள்ளிகளிலும் நம்மைப் போலவே வேற்றுமைகளை எண் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள், ஆனால் வரிசை வேறு. அவர்களுடைய இரண்டாவது நம் ஆறாம் வேற்றுமை, மூன்றாவது நம் நான்காம் வேற்றுமை, நான்காவது நம் இரண்டாம் வேற்றுமை, ஐந்தாவது நம் எட்டாம் வேற்றுமையான விளி, ஆறாவது நம் ஏழாம் வேற்றுமை, ஏழாவது நம் மூன்றாம் வேற்றுமை. எழுவாய் மட்டுமே இரு பக்கமும் முதல் இடத்தில் இருக்கிறது. ஆசிரியர் ‘நான்காவது’ என்று சொன்னவுடன் மனம் ‘கு’ என்று ஓடும். பல வாரங்களுக்கு அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் விளி வேற்றுமை நமக்குச் சாதகமான இடம். பெயரைக் கூப்பிடும்போது வடிவம் மாறும் என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள செய்தி. அது விளியையும் சேர்த்து வேற்றுமை எட்டு என்கிறது. செக்கில் பெட்ர் என்பவரைக் கூப்பிட்டால் பெட்ர்ஷெ, பவெல் என்பவரைக் கூப்பிட்டால் பவ்லெ, யன என்ற பெண்ணைக் கூப்பிட்டால் யனொ. அலுவலகத்தில் ஒரு குமார் வேலைக்குச் சேர்ந்தால் அவரைச் செக்காரர்கள் ‘குமாரெ’ என்று கூப்பிடுவதற்கு அவர்கள் இலக்கணமே வழி செய்கிறது. பிரியாவை ‘பிரியொ’ என்பார்கள்; அதற்குப் பழக ஒரு வாரம் ஆகும். 1927இல் பிராகில் பிறந்து, அங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த கமில் சுவெலெபில், இந்தத் தூரத்தை எதிர்த்திசையில் கடந்தவர்.

செக்கின் மறைவுச் செலவுகள் பகுதியில் நேரும் விகாரத்தில் தொடங்குகின்றன. ஊரின் பெயர் ப்ரஹ. ‘பிராகில்’ என்பது வ் ப்ரஸெ. கை என்பது ருக. ‘கையில்’ என்று வரும்போது ருட்ஸெ. நாய் என்பது பெஸ். ‘நாயை’ என்றால் ப்ஸ. கடைசி எடுத்துக்காட்டில் பகுதியின் உயிரெழுத்தே மறைந்துவிட்டது, அகராதியில் ‘ப்ஸ’ என்று தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். இவற்றுக்கெல்லாம் விதி உண்டு, பெரும்பாலும் ஒழுங்காகவே வரும். ஆனால் பேச்சின் வேகத்தில் அந்த விதியை நினைவுக்குக் கொண்டுவர நேரம் இருக்காது.

எண்ணோடு பெயரைச் சேர்க்கும் இடம் இன்னொரு செலவு. பயணச்சீட்டு என்பது யீஸ்டென்க. இரண்டு சீட்டு வேண்டுமானால் ட்வ்யெ யீஸ்டென்கி. ஐந்து சீட்டு வேண்டுமானால் ப்யெட் யீஸ்டெனெக், அதாவது இலக்கணப்படி ‘சீட்டுகளின் ஐந்து’. இரண்டு, மூன்று, நான்கு வரை ஒரு வடிவம், ஐந்திலிருந்து வேறு வடிவம். குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர், சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்கு முன்னால் தலைகளை எண்ணிய பிறகு விகுதியையும் எண்ண வேண்டியிருக்கும்.

வினையில் ஆள் காட்டும் விகுதி நமக்குப் புதிதன்று. ‘வந்தேன்’ என்பதில் ‘நான்’ இருப்பதைப் போலவே அங்கும் இருக்கிறது. வேறுபாடு பாலில்தான் வருகிறது. தமிழில் வந்தான், வந்தாள் என்று படர்க்கையில் மட்டும் பால் காட்டுகிறோம், ‘நான் வந்தேன்’ என்பதை ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிச் சொல்கிறோம். செக்கில் இறந்தகாலத்தில் ‘நான் இருந்தேன்’ என்பதை ஆண் ‘பில் ஸெம்’ என்றும் பெண் ‘பில ஸெம்’ என்றும் சொல்ல வேண்டும். இதை விட ஆழமானது வினைகளின் இணை. எழுதிக்கொண்டிருந்ததைச் சொல்ல ப்ஸாட், எழுதி முடித்ததைச் சொல்ல நப்ஸட் என்று ஏறத்தாழ ஒவ்வொரு வினைக்கும் இரண்டு வடிவங்கள். ‘எழுதினேன்’, ‘எழுதிவிட்டேன்’ என்ற வேறுபாட்டை அறிந்தவருக்குக் கருத்து உடனே பிடிபடும். ஆனால் நமக்கு ‘விடு’ என்ற ஒரே துணைவினை எல்லா வினைக்கும் போதும். அங்கே எந்த வினைக்கு எந்த முன்னொட்டு, எதற்கு உள்மாற்றம் என்பதை வினைதோறும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

இதற்கு மேல், பாடப்புத்தகச் செக் வேறு, பிராக் அடங்கிய பொஹீமியப் பகுதியில் தெருவில் பேசும் செக் வேறு. ‘நல்ல’ என்பது புத்தகத்தில் டொப்ரீ, பேச்சில் டொப்ரெய். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது.

## ஹங்கேரியம்: கோத்துக்கொண்டே போகும் உருபுகள்

ஹாஸ் என்றால் வீடு. ஹாஸ்பன் ‘வீட்டில்’, ஹாஸக் ‘வீடுகள்’, ஹாஸக்பன் ‘வீடுகளில்’. பகுதி, பன்மை, உருபு என்ற வரிசை அப்படியே தமிழின் வரிசை. ‘என்’ என்பதும் பின்னால் ஒட்டும்: ஹாஸம் என்றால் ‘என் வீடு’, ஹாஸயிம்பன் என்றால் ‘என் வீடுகளில்’. ஹாஸ் வீடு, அயி உடைமையான பலவற்றைக் காட்டுவது, ம் என்பது ‘என்’, பன் என்பது ‘இல்’. கத்தி எங்கே வைத்தாலும் இறங்குகிறது. 18 வேற்றுமை என்று பயமுறுத்தும் எண்ணின் உண்மை இதுதான்: அந்த 18ஐயும், இலக்கண ஆசிரியரைப் பொறுத்து இந்த எண் சற்றுக் கூடும் குறையும், ஒரு முறை கற்றால் மொழியில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும், ஒருமைக்கும் பன்மைக்கும் அவையே. நம் மொழியிலும் இலிருந்து, இடமிருந்து, உக்குள், ஆல், ஓடு, உக்காக என்று ஒவ்வொன்றையும் தனி வேற்றுமையாக எண்ணத் தொடங்கினால் எட்டோடு நிற்காது.

அந்த 18இல் பாதி இடத்தைக் குறிப்பவை. உள்ளே, மேலே, அருகே என்ற மூன்று நிலைகள். ஒவ்வொன்றிலும் இருத்தல், போதல், வருதல் என்ற மூன்று திசைகள். ஆக ஒன்பது உருபுகள். வீட்டுக்குள் இருப்பது ஹாஸ்பன், உள்ளே போவது ஹாஸ்ப, உள்ளிருந்து வருவது ஹாஸ்போல். ‘அருகே’ என்ற நிலை நம் ‘இடம்’ உருபைப் போல ஆட்களுக்கும் பயன்படும். மருத்துவர் என்பது ஒர்வொஷ். மருத்துவரிடம் இருக்கிறேன் என்றால் ஒர்வொஷ்னால், மருத்துவரிடம் போகிறேன் என்றால் ஒர்வொஷ்ஹொஸ், மருத்துவரிடமிருந்து வருகிறேன் என்றால் ஒர்வொஷ்டோல். முதல் இரண்டுக்கும் நாம் ஒரே ‘இடம்’ போட்டு வினையை வைத்துப் பொருள் கொள்கிறோம். அவர்கள் உருபிலேயே பிரித்துவிடுகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

உருபு வடிவம் மாறுவதற்கு முக்கியக் காரணம் உயிர் இயைபு. சொல்லின் உயிரொலிகள் அ, ஒ, உ போல வாயின் பின்பக்கம் பிறப்பவையாக இருந்தால் உருபும் பின்னுயிரோடு வரும், எகரம் போல முன்பக்கம் பிறப்பவையாக இருந்தால் முன்னுயிரோடு வரும். வீட்டில் ஹாஸ்பன், தோட்டத்தில் கெர்ட்பென். சில உருபுகளுக்கு மூன்றாவது வடிவமும் உண்டு. ‘அருகே போதல்’ உருபு ஹொஸ், ஹெஸ், உதட்டைக் குவித்துச் சொன்ன ஹெஸ் என்று மூன்றாக வரும். காது பழகிவிட்டால் வாய் தானாகவே சரியான வடிவத்தைத் தேடும்.

பால் வேறுபாடு அறவே கிடையாது. அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான். அடைமொழி மாறாது: ‘பெரிய வீடுகளில்’ என்பது நட்ய் ஹாஸக்பன், ‘நட்ய்’ (பெரிய) அசையாமல் நிற்கிறது. எண்ணுக்குப் பின் பெயர் ஒருமையிலேயே வரும். பேச்சில் ‘ரெண்டு டிக்கெட் குடுங்க’ என்று சொல்கிறவருக்குக் ‘கேட் யெட்யெட் கேரெக்’ என்பதில் வியப்பு எதுவும் இல்லை. கேட் இரண்டு, யெட்யெட் சீட்டை, கேரெக் கேட்கிறேன். ஐந்தானாலும் ஐம்பதானாலும் யெட்யெட்தான். ‘என்னிடம் உண்டு’ என்று சொல்லும் விதமும் நம்முடையது போன்றது. செக்கில் ‘நான் வீட்டை உடையேன்’ என்ற போக்கில் ஒரு வினை இருக்கிறது. ஹங்கேரியத்தில் அப்படி ஒரு வினையே இல்லை. ‘நெகெம் வன் ஹாஸம்’ என்றால் ‘எனக்கு இருக்கிறது என் வீடு’. ‘எனக்கு வீடு இருக்கிறது’ என்று சொல்லி வளர்ந்த நாக்குக்கு இது வீட்டுச் சாப்பாடு.

முதல் மூன்று மாதங்களில் இதெல்லாம் சேர்ந்து ஒரு மயக்கத்தைத் தரும். தமிழ் தெரிந்தவனுக்கு ஹங்கேரியம் கைவந்த கலை என்று பேசத் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான். செலவு அதற்குப் பிறகு வருகிறது.

முதலாவது, வினைமுற்று இரட்டை. ‘ஒரு வீட்டைப் பார்க்கிறேன்’ என்றால் லாடொக் எட்ய் ஹாஸட். ‘அந்த வீட்டைப் பார்க்கிறேன்’ என்றால் லாடொம் அ ஹாஸட். செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒன்றா, பொதுவானதா என்பதைப் பொறுத்து வினையின் விகுதியே மாறிவிட்டது. ஆறு ஆள்களுக்கும், எல்லாக் காலங்களுக்கும் இப்படி இரண்டிரண்டு வரிசை. ‘நான் உன்னை’ என்று வந்தால் அதற்கென்று தனி விகுதி: லாட்லக், ‘உன்னைப் பார்க்கிறேன்’. இந்த உணர்வு நமக்கு இல்லாமல் இல்லை. ‘வீடு பார்த்தேன்’ என்பதற்கும் ‘வீட்டைப் பார்த்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஐ உருபை விட்டும் சேர்த்தும் காட்டுகிறோம். அவர்கள் செயப்படுபொருளுக்கு எப்போதும் உருபு போட்டுவிட்டு, குறிப்பிட்டதா பொதுவா என்பதை வினைக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். கருத்து கையில் இருந்தும், அதைக் காட்டும் இடம் மாறியிருப்பதால் ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுக்கும். இந்த இடத்தில் கால் சறுக்காதவரை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, சாரியைச் சிக்கல். ஹாஸ் என்பதன் செயப்படுபொருள் வடிவம் ஹாஸட். ஓசையில் அதற்கு இரட்டைப் பிள்ளை போன்ற, எரிவாயுவைக் குறிக்கும் காஸ் என்ற சொல்லுக்குக் காஸ்ட். ஒன்றுக்கு நடுவில் அகரம் வருகிறது, மற்றொன்றுக்கு எதுவும் வரவில்லை. குதிரையைக் குறிக்கும் லோ, ‘குதிரையை’ என்னும்போது லொவட் ஆகிறது. பாலத்தைக் குறிக்கும் ஹீட் என்ற சொல்லில் இருப்பது முன்னுயிர். விதிப்படி ‘ஹீட்பென்’ என்று வர வேண்டியது, ‘ஹீட்பன்’ என்றுதான் வருகிறது. இப்படிப்பட்ட சொற்கள் எண்ணிக்கையில் குறைவு, அன்றாடப் பயன்பாட்டில் அதிகம். எனவே சொல்லைக் கற்கும்போதே அதன் செயப்படுபொருள் வடிவத்தையும் சேர்த்துக் கற்பது நல்லது.

மூன்றாவது, பிரியும் முன்னொட்டு. எல்மெட்யெக் என்றால் ‘போய்விடுகிறேன்’. ‘போகமாட்டேன்’ என்று மறுத்தால் நெம் மெட்யெக் எல். முன்னால் இருந்த ‘எல்’ கழன்று பின்னால் போய்விட்டது. வாக்கியத்தில் எதற்கு அழுத்தம் என்பதைப் பொறுத்து இது இடம் மாறும், அதை விதியாக மனப்பாடம் செய்வதை விடக் கேட்டுக் கேட்டுப் பழகுவதே வழி.

ஊர்ப்பெயர் விஷயம் வேடிக்கையானது. ‘புடாபெஸ்டில்’ என்பது புடபெஷ்டென். அதாவது ‘மேலே’ உருபு. ஸெகெட் நகரிலும் அப்படியே, ஸெகெடென். ‘பிராகில்’ என்றால் ப்ராகாபன், ‘சென்னையில்’ என்றால் சென்னயிபன். அயல்நாட்டு ஊர்களுக்கு ‘உள்ளே’ உருபு. அப்படியானால் உள்நாட்டு ஊருக்கு மேலே, வெளிநாட்டு ஊருக்கு உள்ளே என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா என்றால், டெப்ரெட்ஸென் நகரம் வந்து கெடுத்துவிடும்: டெப்ரெட்ஸென்பென். அங்கே மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் இந்த ஒரு விலக்கை முதல் நாளே கற்றுக்கொள்வார்கள்.

## பிழைக்கு என்ன விலை

செக்கில் வேற்றுமை விகுதி தவறினாலும், முன்னால் நிற்கும் முன்னிடைச் சொல் பெரும்பாலும் பொருளைக் காப்பாற்றிவிடும். கேட்பவருக்குக் காது கூசும், செய்தி போய்ச் சேரும். ஹங்கேரியத்தில் உயிர் இயைபு தவறினால் அதே கதைதான், மழலையாகத் தோன்றும். ஆனால் உருபையே மாற்றிச் சொன்னால், மருத்துவரிடம் போவது மருத்துவரிடமிருந்து வருவதாகிவிடும். அங்கே பொருளைத் தாங்க வேறு சொல் எதுவும் இல்லை. ஓர் ஆறுதல்: பேச்சில் ஹங்கேரியர்களே ‘ஹாஸ்பன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஹாஸ்ப’ என்று சொல்வது வழக்கம், எழுத்தில்தான் அது பிழை.

| அளவுகோல் | செக் | ஹங்கேரியம் |
|---|---|---|
| உருபைப் பிரித்தல் | பால், எண், வேற்றுமை ஒன்றாகக் கலந்தவை | ஒவ்வொன்றும் தனியே, தமிழ் வரிசையில் |
| எல்லாப் பெயருக்கும் பொருந்துமா | இல்லை. 14 மாதிரிகள் | ஆம். பெரும்பாலும் உயிர் இயைபு மட்டும் |
| பகுதியின் விகாரம் | மெய்யும் உயிரும் மாறும், பெரும்பாலும் விதிப்படி | குறைவு, ஆனால் முன்கூட்டி ஊகிக்க முடியாதது |
| அடைமொழி இயைபு | கட்டாயம் | இல்லை. ‘இந்த’, ‘அந்த’ சுட்டுக்கு மட்டும் உண்டு |
| எண்ணுக்குப் பின் பெயர் | 2 முதல் 4 வரை ஒன்று, 5 முதல் வேறு | எப்போதும் ஒருமை |
| வினை | இறந்தகாலத்தில் பால்; வினை இணைகள் | இரட்டை விகுதி வரிசை; பிரியும் முன்னொட்டு |
| கடினம் எப்போது | முதல் ஆண்டு | மூன்று மாதத்துக்குப் பிறகு |
| அடுத்த மொழிக்கு உதவி | ஸ்லோவாக் உடனே, போலிஷ் ஓரளவு | ஏறத்தாழ இல்லை |

## யாருக்குச் செக், யாருக்கு ஹங்கேரியம்

செக் குடியரசின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழி வழியாகப் படித்தால், எந்த நாட்டவரானாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆங்கில வழியில் படித்தால் உண்டு. ஓராண்டு மொழிக்காகச் செலவிடத் தயாராக இருப்பவருக்கு, இந்த ஒரு செய்தியே 14 மாதிரிச் சொற்களுக்கும் விலை கொடுத்துவிடும். நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கான மொழித் தேர்வின் நிலை, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில், 2021 செப்டம்பரில் தொடக்க நிலையான ஏ1 இலிருந்து அடுத்த நிலையான ஏ2 ஆக உயர்த்தப்பட்டது, குடியுரிமைக்கு பி1 தேவை. ஆகவே அங்கே பல ஆண்டுகள் இருக்கப் போகிறவர் செக்கைத் தள்ளிப்போட முடியாது. செக் தெரிந்தவர் ஸ்லோவாக்கை ஏறத்தாழ அப்படியே புரிந்துகொள்வார் என்பதால் ஒரு மொழியின் உழைப்புக்கு இரண்டு நாடுகள் கிடைக்கின்றன. சமஸ்கிருதமோ ஜெர்மனோ முன்பே ஓரளவு படித்தவருக்கு, பாலுக்கு ஏற்ப விகுதி மாறும் பழக்கம் புதிதாக இருக்காது. அவருக்கு நான் மேலே சொன்ன சுமையில் கணிசமான பகுதி குறையும்.

ஹங்கேரியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் வேறு கூட்டம். 2013இல் தொடங்கப்பட்ட ஸ்டிபென்டியம் ஹங்கேரிகம் அரசு உதவித்தொகையில் ஆங்கில வழியில் படிக்கப் போகிறவர்களுக்கும், டெப்ரெட்ஸென், ஸெகெட், பேச் நகரங்களில் ஆங்கில வழியில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கும் பேச்சுமொழி விரைவில் தேவைப்படும். மருத்துவமனை வார்டில் நோயாளி ஆங்கிலத்தில் பேசமாட்டார். குறுகிய காலத்தில் பிழையில்லாத சிறு வாக்கியங்களைப் பேச வேண்டும் என்றால், உருபுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் ஒட்டுநிலை அமைப்பு பழகிய தமிழருக்கு ஹங்கேரியமே விரைவாகப் பலன் தரும் என்று நான் தயங்காமல் சொல்வேன். ஹங்கேரிக்கு வெளியே ருமேனியாவின் டிரான்சில்வேனியா, தெற்கு ஸ்லோவாக்கியா, செர்பியாவின் வொய்வொடினா ஆகிய பகுதிகளிலும் இந்த மொழி பேசும் மக்கள் உண்டு. அதைத் தாண்டினால் இந்த மொழி வேறெந்த மொழிக்கும் வாசல் திறக்காது. ஃபின்னிஷோடு உள்ள உறவு அறிஞர்களுக்கே ஆராய்ந்தால்தான் தெரிகிற அளவுக்குத் தொலைவானது. ஹங்கேரியக் குடியுரிமை நோக்கம் என்றால், பொதுவாக 8 ஆண்டு வசிப்போடு நாட்டைப் பற்றிய அடிப்படை அறிவுத் தேர்வை ஹங்கேரிய மொழியிலேயே எழுத வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த இடத்தில் லாடொக், லாடொம் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும்.

வேலை இரண்டு ஊரிலும் ஆங்கிலத்திலேயே நடக்கும், ஓரிரு ஆண்டில் திரும்பிவிடுவேன், மொழி ஆர்வத்துக்காக மட்டும் என்பவர்களுக்கு என் வாக்கு ஹங்கேரியத்துக்கு. காரணம் எளிமை அன்று. தமிழில் நாம் கவனிக்காமலே செய்துகொண்டிருக்கும் பல காரியங்கள், ஐ உருபை விடுவதும் சேர்ப்பதும் உட்பட, அங்கே வேறு இடத்தில் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கின்றன.

இன்னும் தயக்கம் தீராதவர்கள் பணம் கட்டி வகுப்பில் சேருவதற்கு முன் இரண்டு வார இறுதிகளை ஒதுக்கலாம். முதல் வார இறுதியில் ஜென என்ற சொல்லின் 14 இடங்களையும், ஒவ்வொன்றின் முன்னும் ‘பெரிய’ என்ற அடைமொழியைச் சரியான வடிவத்தில் வைத்து, தாளைப் பார்க்காமல் எழுத முயல வேண்டும். இரண்டாவது வார இறுதியில், அன்று செய்த இருபது காரியங்களை ஹங்கேரியத்தில் ‘ஒரு’ போட்டும் ‘அந்த’ போட்டும், ஒவ்வொரு முறையும் வினையை மாற்றி, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலையில் எந்தத் தாளை மடித்து வைக்க மனம் வரவில்லையோ, அந்த மொழியின் வகுப்புக்கு முன்பணம் கட்டலாம்.